தங்கையின் ரிப்போர்ட்டில் ஓர் அந்நியப் பெயர்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் தங்கைக்கு 22 வயது, ஊரில் பி.எட். படிக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். கேஸ் என்றார்கள், பயம் என்றார்கள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். நான்கு வருடம் முன்பு ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, ‘ருமாட்டிக் வால்வு கோளாறு’ என்று 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி போடச் சொன்னார். தவறாமல் போடுகிறோம். போன மாதம் பஸ்ஸில் படபடப்பு வந்து, கண் இருட்டி மயங்கிச் சரிந்துவிட்டாள். எக்கோ எடுத்ததில் ‘எப்ஸ்டைன் அனாமலி’ என்று வந்திருக்கிறது. இது என்ன நோய்? உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா? ஊசியை நிறுத்தலாமா? அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள், அதனால் வந்ததா? ஒரு வரன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்யாணம் செய்யலாமா, குழந்தை பெறலாமா? தங்கையிடம் ‘சின்ன வால்வு பிரச்சினை’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். கூகுளில் பார்த்துப் பயந்துவிடுவாள் என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

– ஓர் அண்ணன், சங்கரன்கோவில் பக்கம்

பதில்:

அன்புள்ள தம்பி,

கடிதத்தையும் கூடவே வைத்திருந்த மூன்று தாள்களையும் பார்த்தேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. ஆபரேஷனை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் கலங்கியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது பஸ்ஸில் வந்த அந்த மயக்கம். அதை முதலில் பேசிவிடுவோம்.

எக்கோ ரிப்போர்ட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிய நீங்கள், இசிஜியை மட்டும் நாலாக மடித்து, பாதி மங்கிய தாளாக வைத்திருக்கிறீர்கள். என்னிடம் அதிகம் பேசியது அந்த மங்கிய தாள்தான். இசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சிறு மேடு வரும். பி அலை என்போம். மேலறைகள் சுருங்குவதற்கான அடையாளம் அது. இரண்டரைச் சிறு கட்டத்துக்கு மேல் அது உயரக் கூடாது. உங்கள் தங்கைக்கு நாலு கட்டம் ஏறியிருக்கிறது. எப்ஸ்டைன் உள்ளவர்களிடம் இந்த மேடு இப்படி ஓங்கி நிற்பதைப் பார்த்துத்தான் பழைய டாக்டர்கள் ‘இமயமலை பி’ என்று பெயர் வைத்தார்கள். அது இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தது. அடுத்த அலையில்தான் என் கண் நின்றது. மேடு முடிந்ததும் கோடு சற்றுத் தூரம் தட்டையாக ஓடி, பிறகு செங்குத்தாக எழ வேண்டும். இங்கே தட்டையான இடமே சரியாக இல்லை. மேட்டின் அடிவாரத்திலிருந்தே கோடு சரிவாக ஏறத் தொடங்கிவிடுகிறது, ஏணியில் ஏறுவதற்குப் பதில் சாய்தளத்தில் ஏறுவதுபோல.

இதற்கு என்ன பொருள் என்றால், இதயத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் இறங்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியில் ஒரு மீட்டர் பெட்டி மாதிரி ஓர் இடம் இருக்கிறது. வருகிற மின்சாரத்தைச் சற்று நிறுத்தி, அளந்து, கீழே விடும். எப்ஸ்டைன் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இதைத் தவிர இன்னொரு கள்ள வழியும் பிறவியிலேயே இருக்கும். மீட்டரைத் தொடாமல் தெருக் கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் இழுப்பார்களே, அதே கதைதான். 1930-ல் இதை விவரித்த மூன்று டாக்டர்களின் பெயரால் வூல்ஃப்–பார்க்கின்சன்–வொயிட் என்பார்கள். ஆஸ்பத்திரி வழக்கில் டபிள்யூ.பி.டபிள்யூ. மின்சாரம் ஒரு வழியில் இறங்கி மறுவழியில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தால், நாடி நிமிடத்துக்கு 180, 200 என்று பறக்கும். சுற்று அறுந்தால் பொசுக்கென்று நின்றுவிடும். ‘திடீரென்று வரும், தானாக நிற்கும்’ என்று நீங்கள் எழுதியிருப்பது இதன் நடைதான். பயத்தில் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

பெரும்பாலும் இந்தச் சுற்று உயிரை எடுப்பதில்லை. ஆனால் மேலறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் நேரத்தில், மீட்டர் இல்லாத கள்ள வழி அத்தனையையும் அப்படியே கீழறைக்குக் கடத்திவிட்டால் ஆபத்து. மயக்கம் வந்தவரிடம் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவைக்க முடியாது. மங்கிய ஜெராக்ஸை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாரமே ஒரு நல்ல இசிஜி எடுத்து, இதய மின்னோட்டத்தைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவரிடம், அதாவது எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, கள்ள வழி எங்கே ஓடுகிறது என்று தேடி, அந்த இடத்தைச் சூடு வைத்து அணைத்துவிடுவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. எப்ஸ்டைன் இதயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கள்ள வழிகள் இருப்பதுண்டு, அணைத்தது திரும்புவதும் மற்றவர்களைவிட அதிகம். முதல் முறையிலேயே முடிந்துவிடும் என்ற வாக்குறுதியோடு உள்ளே போகாதீர்கள்.

அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், கிணற்றிலோ குளத்திலோ இறங்க வேண்டாம். படபடப்பு வந்தால் வீட்டிலேயே முயன்று பார்க்க ஒரு முறை உண்டு. மருந்துக் கடையில் 10 மி.லி. ஊசிக்குழல் ஒன்று, ஊசி இல்லாமல் வாங்கி வையுங்கள். தங்கை சாய்ந்து உட்கார்ந்து, அதன் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி முக்கி ஊத வேண்டும். ஊதி முடித்த கையோடு மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் யாராவது 45 பாகை உயர்த்தி 15 நொடி பிடிக்க வேண்டும். பத்துப் பேரில் நாலு பேருக்கு இதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லை, கண் இருட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இசிஜி எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். படபடப்பு நின்ற பிறகு எடுத்த பத்து இசிஜியைவிட, அடிக்கும்போது எடுத்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம். அவசரப் பிரிவில் இருப்பவரிடம் ‘எப்ஸ்டைன், டபிள்யூ.பி.டபிள்யூ. சந்தேகம்’ என்ற இரண்டு சொல்லையும் சொல்லுங்கள். வழக்கமாகப் படபடப்புக்குப் போடும் வெரபமில், டிகாக்சின் போன்ற மருந்துகள் சில நேரத்தில் இவர்களுக்குக் கேடு செய்துவிடும். இசிஜி தாள் சூட்டில் அச்சாவது, நாளாக நாளாக வெளுத்துவிடும். எடுத்த அன்றே போனில் படம் பிடித்து வையுங்கள்.

சரி, இனி அந்தப் பெயருக்கு வருவோம்.

வலது பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வுக்கு மூன்று இதழ்கள். ரிப்போர்ட்டில் டிரைகஸ்பிட் என்றிருப்பது இதுதான். கரு உருவாகும் தொடக்க மாதங்களில் இந்த இதழ்கள் தனியாக எங்கிருந்தோ வந்து ஒட்டுவதில்லை. கீழறையின் சதைச் சுவரிலிருந்தே உரிந்து வருகின்றன. வாழை மட்டையிலிருந்து நார் உரித்திருப்பீர்கள். நுனியில் பிடித்து இழுத்தால் அடிவரை சுத்தமாக வர வேண்டும். சில மட்டையில் பாதி வந்து, மீதி மட்டையோடேயே ஒட்டிக்கொள்ளும். எப்ஸ்டைனில் நடப்பது அதுதான். இரு கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டிய இதழும் பின் இதழும் சரியாக உரியாமல் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். அதனால் இதழின் கீல் இருக்க வேண்டிய இடத்தைவிட்டுக் கீழே, இதயத்தின் நுனியை நோக்கி இறங்கிவிடும். முன் இதழ் மட்டும் உரிந்து, அதுவும் அளவுக்கு மீறி நீண்டு, பாய்மரம்போல வளர்ந்து நிற்கும்.

வாசற்கதவை நடு ஹாலில் கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும்? ஹாலில் பாதி திண்ணையாகிவிடும். கீழறையின் மேல்பகுதி அப்படித்தான் மேலறையோடு சேர்ந்துவிடுகிறது. பம்ப் செய்ய மிச்சமிருப்பது சிறிய அறை. கதவும் சரியாகச் சாத்துவதில்லை, ரத்தம் பின்னால் கசிகிறது. மேலறை ஊதிக்கொண்டே போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரு மேலறைகளுக்கு நடுவே ஓர் ஓட்டையும் இருக்கும். வலப்பக்க அழுத்தம் கூடினால் சுத்திகரிக்கப்படாத ரத்தம் அந்த ஓட்டை வழியாக இடப்பக்கம் தாவும். உதடும் நகமும் நீலம் பாய்வது அதனால்தான்.

இதை முதலில் எழுதிவைத்தவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன். இன்று போலந்தில் இருக்கும் விரோத்ஸ்வாஃப் நகரம் அன்று ஜெர்மானியர்களின் பிரெஸ்லாவ். அங்கே 1864-ல் 19 வயதுக் கூலித்தொழிலாளி ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சிறுவயதிலிருந்தே மூச்சிரைப்பும் படபடப்பும் இருந்தவர். சில நாளில் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்த எப்ஸ்டைனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தான் கண்ட வால்வைப் பொறுமையாக விவரித்து 1866-ல் வெளியிட்டார். உயிரோடிருக்கும் ஒருவரைப் பார்த்து ‘உனக்கு இதுதான்’ என்று சொல்ல மருத்துவத்துக்கு அதன்பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின. எக்கோ வந்த பிறகுதான் அது எளிதாயிற்று. சுமார் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கும். பிறவி இதயக் கோளாறுகள் நூறு பார்த்தால் அதில் ஒன்றுகூட இதுவாக இராது.

ஆகவே முதலில் பார்த்த டாக்டர்மேல் கோபப்படாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. படித்து முடித்த புதிதில் ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தேன். பீடி சுற்றும் அம்மா ஒருவர் வருவார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்சில் கசிவுச் சத்தம் கேட்டது. நம் ஊரில் இளவயதில் வால்வு கெட்டால் பத்துக்கு ஒன்பது ருமாட்டிக்தான், தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வரும் வாதக் காய்ச்சலின் வினை. அட்டையில் அப்படியே எழுதி, பெனிசிலின் போடச் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்து என் தலைமை மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தவர், அந்த அம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, “எத்தனை சத்தம் கேக்குது, எண்ணிச் சொல்லு” என்றார். லப்–டப் என்று இரண்டு கேட்க வேண்டிய இடத்தில் நாலு கேட்டது. முதல் சத்தம் இரண்டாகப் பிளந்து, அதில் பின்பாதி பாய்த்துணி காற்றில் படாரென்று விரிவதுபோல ஒலித்தது. குதிரை ஓடுகிற தாளம். அந்தப் பெரிய முன் இதழ் தாமதமாக வந்து சாத்தும் சத்தம் அது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். எட்டு மாதமாக அதே நெஞ்சைக் கேட்டவன் நான்தான். கசிவு கேட்டதும் காதை எடுத்துவிட்டேன், மற்றது காதில் விழவில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் ருமாட்டிக் இல்லை என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. இடப்பக்க மைட்ரல் வால்வு நார்மல் என்று எழுதியிருக்கிறார்கள். ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரலைத் தொடாமல் டிரைகஸ்பிட்டை மட்டும் கெடுப்பது அநேகமாக நடக்காது. தவிர, ருமாட்டிக்கில் இதழ் தடித்து ஒட்டிக்கொள்ளும், கீல் இடம் மாறாது. பத்து வயதை ஒட்டி மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாளா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் ஊசிக்கு வேலை இல்லை. ஆனால் என் கடிதத்தை நம்பி நிறுத்திவிட வேண்டாம். நேரில் எக்கோ பார்த்த மருத்துவர் ‘ருமாட்டிக் இல்லை’ என்று கைப்பட எழுதித் தரட்டும், பிறகு நிறுத்துங்கள்.

இனி ரிப்போர்ட்டில் உள்ள அளவுக்கு வருவோம். அதன் நடுவில், தடுப்புச்சுவர் இதழ் 18 மி.மீ. கீழிறங்கியிருப்பதாக ஒரு வரி உள்ளது. நோயின் பெயர் வந்ததே அந்த வரியால்தான். எல்லோருக்குமே வலப்பக்க வால்வின் கீல் மைட்ரலைவிடச் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும். எவ்வளவு தாழ்ந்தால் நோய் என்பதற்கு உடம்பின் பரப்பளவைக் கொண்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு சதுர மீட்டருக்கு 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் எப்ஸ்டைன். உங்கள் தங்கையின் உயரம் 152 செ.மீ., எடை 48 கிலோ என்று ரிப்போர்ட் தலைப்பில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 1.42 சதுர மீட்டர் வரும். 18-ஐ அதால் வகுத்தால் 12.7. எல்லைக்கோட்டில் தடுமாறுகிற கேஸ் இல்லை, நோயின் பெயர் சரி. அந்த எக்கோ எடுத்தவர் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

ஆனால் ஒரே பெயர் வைத்துக்கொண்டு இந்த நோய் பல ஆட்களாக வாழ்கிறது. வயிற்றிலேயே இறந்துபோகும் சிசுவுக்கும் இதே பெயர். எழுபது வயதில் வேறெதற்கோ எக்கோ எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும் தாத்தாவுக்கும் இதே பெயர். கூகுளில் தேடினால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும், படிப்பவர் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார். 22 வயது வரை பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வந்த பெண், கசிவு மிதம் என்று எழுதியிருக்கிறது. எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று ஓரளவு தெரிகிறது. முழுதாகச் சொல்ல இந்த ரிப்போர்ட் போதாது.

இதில் இல்லாதது என்னவென்றால், மேலறைகளுக்கு நடுவே ஓட்டை உண்டா என்பது. ‘தெளிவாகத் தெரியவில்லை’ என்று விட்டுவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு கிடையாது. சலைனை இரண்டு ஊசிக்குழலுக்கு நடுவே மாற்றி மாற்றித் தள்ளி நுரைக்கவைத்து, கையின் ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்டே எக்கோ பார்ப்பார்கள். வலது மேலறை முழுக்க வெண்புள்ளிகள் வந்து குவியும். ஓரிரு துடிப்புக்குள் இடப்பக்கத்திலும் புள்ளி தெரிந்தால் ஓட்டை உண்டு. முதல் முறை பார்ப்பவர்கள் சோடா பாட்டில் திறந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். ஓட்டை இருந்தால் காலில் உருவாகும் சிறு ரத்தக்கட்டிகூட நுரையீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்விடலாம். அவளுக்கு எங்கே டிரிப்ஸ் ஏற்றினாலும் குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அடுத்தது ஆக்சிஜன் அளவு. உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டுபவர், ஆறு நிமிடம் வேகமாக நடந்தபின் 88 காட்டக்கூடும், ரிப்போர்ட்டில் இருப்பது உட்கார்ந்த கணக்கு மட்டும். மூன்றாவது, மிச்சமிருக்கும் வலது கீழறை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பது. எக்கோவில் அந்த அறையை அளப்பது வளைந்த குடத்தைப் பக்கவாட்டில் பார்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று சொல்வதுபோல. இதய எம்.ஆர்.ஐ. அதைச் சரியாகச் சொல்லும். இதோடு, 24 மணி நேரமும் உடம்பில் மாட்டியிருந்து இசிஜியைப் பதியும் ஹோல்டர் என்ற கருவி.

இந்த நாலும் கையில் வந்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சு. மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போவது, நீலம் பாய்வது, இதயம் வருடா வருடம் பெருப்பது, ஒருமுறை பக்கவாதம் வந்துவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்கக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டே வரலாம். அப்படியே வருடக்கணக்கில் கத்தி படாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. பின்னாளில் இதய மாற்று அறுவையால் உலகப் புகழ் பெற்ற கிறிஸ்டியன் பர்னார்ட், 1960-களின் தொடக்கத்திலேயே ஓர் எப்ஸ்டைன் நோயாளிக்குச் செயற்கை வால்வு வைத்தார். இன்று, முடிந்தவரை சொந்த இதழையே வைத்துச் சீரமைப்பதைத்தான் விரும்புகிறோம். பிரேசிலில் டா சில்வா என்ற அறுவை நிபுணர் 1993-ல் தொடங்கிய முறை ஒன்று இருக்கிறது. ஒட்டிக்கிடக்கும் இதழ்களைச் சுவரிலிருந்து கத்தியால் உரித்தெடுத்து, பெரிய முன் இதழோடு சேர்த்து, கடலைப் பொட்டலம்போலக் கூம்பாகச் சுற்றி, கீல் இருக்க வேண்டிய சரியான இடத்தில் தைத்துவிடுவார்கள். கருவில் அரைகுறையாக நின்ற உரித்தலை முடித்துவைக்கிற வேலை என்று சொல்லலாம். உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதிலும் கர்ப்ப காலத்தில் பெரிய சிக்கல். 22 வயதுப் பெண்ணுக்குச் சீரமைப்பு ஏன் மேல் என்று இதிலிருந்தே புரியும். நல்ல இதய அறுவை நிபுணர் எல்லோரும் இதில் கைதேர்ந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள், வருடத்தில் எத்தனை எப்ஸ்டைன் செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பைபாஸ் அதிகம் செய்யும் இடமும் பிறவிக் கோளாறு அதிகம் பார்க்கும் இடமும் வேறு வேறு. உங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் எட்டும் தூரம்தான். சென்னையிலும் வேலூரிலும் பிறவி இதய நோய்க்கென்றே பிரிவுகள் உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நெருங்கிய உறவில் மணந்தால் சில பிறவிக் குறைகள் கொஞ்சம் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் எப்ஸ்டைன் பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் ஒருவரிடம் மட்டும் தோன்றுவது. இதை அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தின் தலையில் கட்ட என்னால் முடியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் லித்தியம் என்ற மனநல மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு வரும் என்று 1970-களில் பெரிதாகப் பேசப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த ஆபத்து நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. அம்மா அப்படி எதுவும் எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாரா, பப்பாளி தின்றாரா என்று வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன் ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து கலைத்துவிடுங்கள்.

கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். குழந்தையும் பெரும்பாலும் பெறலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் மயக்கத்துக்குக் காரணம் தெரிந்து சரியாக வேண்டும், ஆக்சிஜன் கணக்கு தெரிய வேண்டும், கர்ப்பம் அதற்குப் பிறகு. நீலம் பாயாத, கீழறை நன்றாகச் சுருங்கும் பெண்கள் இந்த நோயோடு நல்லபடி பிரசவித்திருக்கிறார்கள். நீலம் பாய்கிறவர்களுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அதிகம். கர்ப்ப காலத்தில் படபடப்பும் அடிக்கடி எட்டிப்பார்க்கும். பிறக்கும் குழந்தைக்கு ஏதாவதொரு இதயக் குறை இருக்க வாய்ப்பு சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று என்றால், தாய்க்கு எப்ஸ்டைன் இருக்கும்போது நூற்றுக்கு ஆறு வரை போகலாம். தொண்ணூற்று நாலு பேருக்கு இல்லை என்பதும் அதே கணக்குதான். 18 முதல் 22 வாரத்துக்குள் வயிற்றுக் குழந்தைக்கே எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணமான மூன்றாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் உட்காரும்போது, ‘ஏமாற்றிவிட்டீர்கள்’ என்ற பேச்சை வாங்கப்போவது நீங்கள் இல்லை, அவள்.

ஆனால் அவர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கள். இவ்வளவு நீளமாக எழுதிவிட்டு நான் கொஞ்சம் சங்கடப்படுவதே இதில்தான். யாருடைய இதயமோ அவளுக்கு இதில் ஒரு வரியும் தெரியாது. நீங்கள் திருப்பூரில் துணி வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் பஸ்ஸில் இருப்பாள். ஊசிக்குழலில் ஊத வேண்டியவள் அவள். ‘எப்ஸ்டைன், டபிள்யூ.பி.டபிள்யூ. சந்தேகம்’ என்று அவசரப் பிரிவில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். பெயர் தெரியாமல் எப்படிச் சொல்வாள்? நாளைக்கு ஒரு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கப்போகிற பெண், ஒரு தாளைப் படிக்க மாட்டாளா? அழுவாள், அழட்டும். எட்டாம் வகுப்பிலிருந்து ‘உனக்குப் பயம், அவ்வளவுதான்’ என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, பயம் இல்லை, இங்கே ஒரு வால்வு இடம் மாறியிருக்கிறது என்று தெரிவது ஆறுதலாகவும் இருக்கலாம். பீடி சுற்றும் அந்த அம்மாவிடம் நாங்கள் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, “அப்ப நான் சோம்பேறி இல்லையா சார்?” என்றுதான்.

பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். அதில் எனக்குச் சில விவரம் வேண்டும். கல்லூரிப் படி எத்தனை ஏறினால் நிற்கத் தோன்றுகிறது, போன வருடம் எத்தனை ஏறினாள்? படபடப்பு தொடங்குவது சுவிட்ச் போட்டதுபோலவா, மெல்லவா, துடிப்பு சீராக ஓடுகிறதா, தாறுமாறாகவா? இரண்டு கை ஆள்காட்டி விரல் நகங்களையும் நகத்தோடு நகம் சேர்த்துவைத்து வெளிச்சத்தில் பார்த்தால், நடுவே சிறு வைர வடிவ இடைவெளி தெரிகிறதா? கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் தெருவில் யார் வீட்டிலாவது கிடக்கும். நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி உட்கார்ந்தபடி ஒரு கணக்கு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் ஆறு நிமிடம் நடந்த பிறகு ஒரு கணக்கு. நடக்கும்போது தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு, எத்தனையாவது நிமிடம் என்பதை மட்டும் எழுதினால் போதும். புது இசிஜியை மடிக்காமல் அனுப்புங்கள்.